மூடி வைத்த மழைக்கிண்ணம்

அண்ணாமலை எதிர்க்கரையில் நின்று கையைத் தூக்கினார்.

தலையில் சாமை மூட்டை. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். சித்திரை வெயில். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. துறையில் தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஓடியது.

அருவிச் சத்தத்தில் அங்கே பேச்சு கேட்காது. கையால்தான் பேச வேண்டும். கையைத் தூக்கி விரலை விரித்தால், இறங்கலாமா என்று அர்த்தம்.

நான் ஆற்றைப் பார்க்கவில்லை. திரும்பிப் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. சைரனும் கத்தவில்லை.

வா என்று கை காட்டினேன்.

அவர் இறங்கினார்.

வாராவாரம் எழுதிவரும் என் நினைவுகளில் இதைப் போன வாரமே எழுதியிருக்க வேண்டும். மோட்டார் கொட்டகைக் கதைகளை இழுத்து இழுத்துத் தள்ளிப் போட்டேன். இனித் தள்ள இடமில்லை. பெட்டி கெட்டுப்போனது என்றுதான் இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பெட்டி கெடவில்லை. நான் சொல்லி வைத்ததை அது அப்படியே செய்தது.

பெட்டி வந்தது

கரியாலூருக்குக் கீழே ஆறு பாறையில் இறங்கும் இடம் அது. மேலே வளைவு. வளைவுக்குக் கீழே ஆள் கடக்கும் துறை. துறைக்குக் கீழே ஒரு கூப்பிடு தூரத்தில் மடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கார் போட்டுக்கொண்டு வந்து அந்த மடுவில் குளிப்பார்கள்.

மலையில் எங்கோ மழை பெய்யும். இங்கே வெயில் அடிக்கும். தண்ணீர் மட்டும் வந்துவிடும். அப்படி வந்து இரண்டு பேர் போன பிறகு ஒரு திட்டத்தில் சைரன் வைத்தார்கள்.

வளைவுக்கு மேலே ஒரு இரும்புக் குழாய். அதற்குள் ஒரு கம்பியில் மாட்டிய மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். ஒயர் வழியாகத் துறைக்கரையில் இருக்கும் பெட்டிக்குச் சேதி வரும். பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டு, மடுவில் இருக்கும் சைரனைக் கத்த வைக்கும். வளைவில் மிதவை ஏறியதற்கும் துறைக்குத் தண்ணீர் வருவதற்கும் நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும். அந்த டீ குடிக்கிற நேரத்துக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் கரண்டு வேலை தெரிந்த ஆள் கேட்டார்கள். நான் கச்சிராயபாளையத்தில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். படிப்பு ஏழாம் வகுப்பு. அது போதும் என்றார்கள்.

என் வீட்டுக்காரி அலமேலுவும் கூட வந்தாள். மடுவின் நடுப்பாறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பு வைத்து பஜ்ஜி போட்டாள். நல்ல வியாபாரம்.

சீரியலும் பேரலலும்

பெட்டிக்கு புரோகிராம் எழுதியது நித்யா மேடம். பட்டணத்திலிருந்து வந்தார். சின்ன வயது. என்னை அண்ணா என்று கூப்பிட்டார். பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. அதற்கு சி என்கிற பாஷையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். பழைய லேப்டாப் ஒன்றையும் கேபிளையும் என்னிடம் விட்டுப் போனார். போனில் சொன்னால் நான் புரோகிராமைப் போர்டுக்கு ஏற்ற வேண்டும்.

நான் ஏற்றினேன். ஏற்றுவதற்கு முன் என்ன ஏற்றுகிறோம் என்று கேட்டேன். எனக்கு அப்படி ஒரு குணம். என்ன ஒயர் என்று தெரியாமல் தொட மாட்டேன்.

அவர் என் நோட்டில் எழுதிக் காட்டினார்.

மட்டம் || பட்டன்

"இந்த ரெண்டு நேர்கோடு இருக்கில்ல அண்ணா, இதுக்கு 'அல்லது'ன்னு அர்த்தம். மட்டம் ஏறினாலும் சைரன் கத்தும். பெட்டியில இருக்கிற பட்டனை நீங்க அழுத்தினாலும் கத்தும். ரெண்டுல ஒண்ணு போதும்."

"பேரலல்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு சுவிட்ச பேரலல்ல போட்டா எதத் தட்டுனாலும் பல்பு எரியும். அதான மேடம்?"

"அதேதான்." சிரித்தார். பக்கத்தில் இன்னொன்று எழுதினார். &&. "அப்ப இது?"

"சொல்லுங்க."

"ரெண்டும் உண்மையா இருக்கணும். ஒண்ணு பொய்யானாலும் போச்சு."

"சீரியல்."

"அண்ணா, எங்க காலேஜ்ல இதுக்கு ஒரு வாரம் எடுத்தாங்க."

இன்னொன்றும் இருந்தது. ! என்று ஒரு குச்சி, கீழே புள்ளி. அதற்கு 'இல்லை' என்று அர்த்தம். உண்டு என்பதற்கு முன்னால் போட்டால் இல்லை என்றாகிவிடும். பெட்டிக் கதவு மூடாமல் இருந்தால் மஞ்சள் விளக்கு எரிய அதைப் போட்டிருந்தார்.

பிறகு ஒன்று சொன்னார். அது என் மனதில் நின்றுவிட்டது.

"உங்க ஒயருக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு அண்ணா. இது இடது பக்கத்திலேர்ந்து பார்த்துக்கிட்டு வரும். &&ல இடது பக்கம் பொய்யின்னு தெரிஞ்சிட்டா, வலது பக்கத்தைத் திரும்பியே பார்க்காது. எதுக்குப் பார்க்கணும்? எப்படியும் பொய்தானே. ||ல தலைகீழ். இடது உண்மைன்னா வலதைப் பார்க்காது."

ஒயர் அப்படிச் செய்யாது. ஒயருக்கு இடது வலது கிடையாது. வலது பக்கம் வீடே பற்றி எரிந்தாலும் திரும்பிப் பார்க்காத ஒரு சாமானை அன்றுதான் முதலில் கேள்விப்பட்டேன்.

வெயிலில் கத்தியது

முதல் ஐப்பசியில் சைரன் மூன்று முறை நெசமாகக் கத்தியது. எல்லோரும் மேலே ஏறினார்கள். தண்ணீர் வந்தது. போயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அண்ணாமலை அதன் பிறகுதான் பெட்டியை நம்ப ஆரம்பித்தார்.

அவர் மேட்டுக் காட்டில் சாமை போடுகிறவர். மலைக்காரர். வாராவாரம் துறையைக் கடந்து வந்து பஸ் பிடித்துக் கீழே போவார். முன்பெல்லாம் இறங்குவதற்கு முன் குனிந்து தண்ணீரை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்ப்பார். மேலே நுரை வருகிறதா என்று பார்ப்பார். ஒரு காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகுதான் அடுத்த கால்.

பெட்டி வந்த பிறகு என் பக்கம் கையைத் தூக்குவார். நான் வா என்பேன். வருவார். கரையேறியதும் ஒரு கேலி.

"இன்னா கரண்டுக்காரரே, உம் பொட்டி முழிச்சிக்கினு இருக்குதா, தூங்குதா?"

"முழிச்சிக்கினுதான் இருக்கு."

"உன்ன மாரி இல்லன்னு சொல்லு."

பீடி ஒன்றைக் கொடுப்பார். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

தண்ணீர் வற்றியதும் தொல்லை ஆரம்பித்தது. குளிக்க வந்தவர்கள் வளைவு வரை ஏறிப்போய்க் குழாய்க்குள் கைவிட்டு மிதவையைத் தூக்கிப் பார்த்தார்கள். எருமை வந்து உரசியது. ஒவ்வொரு முறையும் சைரன் கத்தியது. மடுவில் இருந்தவர்கள் ஈரத்துணியோடு அலறிக்கொண்டு ஏறுவார்கள். ஏறியவர்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அலமேலுவின் பஜ்ஜி அப்படியே கிடக்கும்.

சைரனுக்கு அவள் ஒரு பெயர் வைத்தாள்.

"உன் சின்னவூடு கத்துறா பாரு. போய் இன்னான்னு கேளு. ஒரு சட்டி எண்ண வீணாப் போச்சு."

"ஆளுங்க மிதவயத் தூக்குறானுங்க."

"தூக்குவானுங்க. அதுக்கு அவ ஊரக் கூட்டணுமா? அடக்கி வையி."

ஒரு முறை நடந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. மாசி மாதம், உச்சி வெயில். கிழமை செவ்வாய். மடுவில் யாருமில்லை. சைரன் கத்தியது. யாரென்று பிடிக்க வளைவுக்கு ஓடினேன்.

யாருமில்லை. எருமை இல்லை. மணலில் கால்தடம் இல்லை. தண்ணீர் குழாயின் அடியைக்கூடத் தொடவில்லை. ஆனால் மிதவை மேலே நின்றது. கம்பியோடு உயர்ந்து, யாரோ பிடித்துத் தூக்கி வைத்திருப்பதுபோல் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல இறங்கி அடியில் டக்கென்று உட்கார்ந்தது. கீழே சைரன் நின்றது.

கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். சிக்கல் இல்லை. இன்று வரைக்கும் அது என்னவென்று எனக்குத் தெரியாது.

நான் சேர்த்த ஒரு குறி

இதற்குள் பெட்டிக்கு ஒரு மழைக்கிண்ணமும் வந்திருந்தது. வாய் அகலமான உலோகக் கிண்ணம். கீழே ஒரு சின்னத் தட்டு. மழைத் தண்ணீர் சேர்ந்தால் தட்டு சாயும். சாய்ந்தால் மழை உண்டு என்று ஏரியல் வழியாகப் பெட்டிக்குச் சொல்லும். மழை மேலேதான் பெய்யும் என்பதால் தை மாதத்தில் அதை மேட்டுக்குக் கொண்டுபோனோம். அண்ணாமலை தன் காட்டு வரப்பில் கம்பம் நட இடம் கொடுத்தார்.

நான் மேடத்திடம் போனில் கேட்டேன்.

"மேடம், மழையையும் மட்டத்தையும் சீரியல்ல போட்டா இன்னா? மேல மழை பேஞ்சி, மட்டமும் ஏறுனாதான் கத்தணும். ஆளு தூக்குனா கத்தக் கூடாது."

"நல்ல யோசனைதான் அண்ணா. ஆனா கிண்ணம் சரியா வேலை செய்யுதான்னு ஒரு மழைக்காலம் பார்த்துட்டு சேர்க்கலாம். அதுவரைக்கும் தொடாதீங்க."

சரி என்றேன்.

எங்கள் பக்கம் கரும்புக் காட்டில் மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய்விட்டால் மோட்டாரை நிறுத்த ஒரு சாமான் உண்டு. அதைக் கழற்றிவிட்டு இரண்டு பேஸில் ஓட்டச் சொல்லிக் கேட்பார்கள். தண்ணீர் பாய வேண்டுமே. நானே எத்தனையோ கொட்டகையில் கழற்றிக் கொடுத்திருக்கிறேன். கம்பெனிக்காரன் ஆயிரம் சொல்வான், காட்டில் நிற்பவனுக்குத்தான் தெரியும் என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போனது. காயில் எரிந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

அதே கையோடுதான் லேப்டாப்பைத் திறந்தேன். மேடம் எழுதியிருந்த வரியில் இதைச் சேர்த்தேன்.

(மழை && மட்டம்) || பட்டன்

ஏற்றினேன். ஏறியது என்று காட்டியது.

வளைவுக்குப் போய் மிதவையைக் கையால் தூக்கினேன். சத்தமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

"இனிமே சும்மா கத்தாது. கத்துனா நெசம். வாரிச் சுருட்டிக்கினு ஏறிடு," என்று அலமேலுவிடம் சொன்னேன்.

"அடங்கிட்டாளா?" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜி மீதமில்லாமல் விற்றது.

இலை

இனிமேல் கிண்ணம் முக்கியம். தூசி அடைக்கக் கூடாது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை மேட்டுக்கு ஏறினேன்.

முதல் முறை போனபோது கிண்ணத்தின் மேல் ஒரு தேக்கிலை இருந்தது. காற்றில் விழுந்தது என்று எடுக்கப் போனேன். இலையின் மேல் ஒரு கல் இருந்தது.

கல்லை எடுத்தேன். இலையை எடுத்தேன். கிண்ணத்துக்குள் ஒரு பிடி சாமை.

சுற்றிப் பார்த்தேன். அறுத்த காடு. ஆள் இல்லை. தூரத்தில் ஓர் ஆட்டின் மணிச் சத்தம். சாமையைக் கொட்டிக் கிண்ணத்தைத் துடைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் முறை போனபோது புது இலை. அதே கல். அதே அளவு சாமை. இலைக் காம்பில் ஈரம் காயவில்லை. அப்போதுதான் வைத்துவிட்டு யாரோ போயிருக்க வேண்டும். குரல் கொடுத்தேன். பதில் இல்லை.

மூன்றாம் முறையும் அப்படியே. அன்று சாமையில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டிருந்தது. வாசனை வந்தது. படையல் மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து எறிந்துவிட்டு வேகமாக இறங்கினேன். அன்று சாயங்காலமே காய்ச்சல். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

அலமேலு திட்டினாள். "எந்த மகராசன் செத்தானோ, அவனுக்கு வச்சத எடுத்துப் போட்டுட்டு வந்திருக்க. உனக்கு ஏன் இந்த வேல? வச்சது வச்ச எடத்துல இருக்கட்டும்."

நான்காம் முறை பங்குனிக் கடைசி. இலை இருந்தது. கல் இருந்தது. நான் தொடவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

தெரியாமல் செய்யவில்லை. இறங்கும்போது மனதுக்குள் அந்த வரி ஓடியது. இலை மூடியிருந்தால் மழை பொய். மழை பொய்யென்றால் மட்டத்தைத் திரும்பியே பார்க்காது. அதுவும் தெரியும். மழைக்கு இன்னும் நாளிருக்கிறது, ஆடிக்குள் ஒரு ஆளைக் கூட்டி வந்து பூசை போட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வரப்பு அண்ணாமலையுடையது. வாராவாரம் அவரைப் பார்க்கிறேன். அவர் பீடியைக் குடிக்கிறேன். "உங்க வரப்புல யாரு எல வைக்கிறா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பது எனக்குப் பழக்கமில்லை. ஒயரைப் பற்றி மட்டும்தான் கேட்பேன்.

துறையில்

சித்திரை ஞாயிறு. நான் வா என்று கை காட்டினேன். அவர் இறங்கினார். அங்கேதான் விட்டேன்.

அவர் பாதித் துறைக்கு வந்திருப்பார். அருவிச் சத்தம் குறைந்தது.

அது எப்போதும் இருக்கும் சத்தம். காதில் விழுவதே தெரியாது. குறைந்தபோதுதான் தெரிந்தது. யாரோ குழாயை மெல்ல மூடுவதுபோல் குறைந்தது. தண்ணீரும் இறங்கியது. அவர் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. ஈரக் கல்லெல்லாம் வெயிலில் மின்னியது.

மேலே எங்கோ மரமும் சருகும் சேர்ந்து ஆற்றை அடைத்திருக்கும். அப்போது எனக்கு அது தெரியாது. இவ்வளவு அமைதியாக அந்த இடத்தை நான் கேட்டதில்லை. மடுவில் அலமேலு யாரிடமோ சில்லறை கேட்பதுகூடக் கேட்டது.

அண்ணாமலை நின்றார். மூக்கைத் தூக்கினார். எனக்கும் வாசனை வந்தது. பச்சை இலையைக் கசக்கியதுபோல, புதுச் சேறுபோல.

அவர் என்னைப் பார்த்தார். இப்போது கையைத் தூக்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

நான் பெட்டியைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

வளைவில் பழுப்பாக ஒன்று திரும்பியது. பாயைச் சுருட்டிக்கொண்டு வருவதுபோல் வந்தது. அதற்கு முன்னால் சருகுதான் வந்தது. "ஏறு! ஏறு!" என்று கத்தினேன். அவர் மூட்டையைப் போட்டுவிட்டு என் பக்கம் ஓடி வந்தார். நான்கு எட்டு வைத்திருப்பார். ஐந்தாவது எட்டுக்குக் கீழே தரை இல்லை.

மூட்டை ஒரு முறை மேலே வந்தது. அவர் வரவில்லை.

என் காலடி வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. பெட்டி அப்படியே இருந்தது. ஆறு அதன் மூக்குக்கு நேரே போகிறது. விளக்கு எரியவில்லை.

கதவைத் திறந்து பட்டனை அழுத்தினேன். பட்டன் அந்த வரியின் கடைசியில், இரண்டு கோட்டுக்கு அப்பால் இருந்தது. உடனே கத்தியது.

மடுவில் அலமேலு ஒரு கணம்கூட யோசிக்கவில்லையாம். கத்தினால் நெசம் என்று நான் சொல்லியிருந்தேனே. கொதிக்கும் எண்ணெயை ஒரு கரண்டி அள்ளிக் கையில் பிடித்துக்கொண்டு குளிக்கிறவர்கள் மேல் பாய்ந்திருக்கிறாள்.

"ஏறுங்கடா மேல! ஏறல, மூஞ்சில ஊத்திடுவேன்!"

"யக்கா, சும்மா கத்துதுக்கா அது."

"எவன்டா அவன்? நீதான் மொதல்ல ஏறுற!"

பைத்தியம் என்று நினைத்து எல்லோரும் ஏறிவிட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அகலமான மடு இன்னும் நிரம்பாததால், நடுப்பாறையில் அடுப்பு மட்டும் எரிந்தது. சட்டியில் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தையின் செருப்பு. பக்கத்தில் யாருமில்லை. நான் பார்க்கும்போதே தண்ணீர் வந்து எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போனது.

அண்ணாமலை மூன்றாம் நாள் கீழ்ப்பாறையில் கிடைத்தார்.

மேடம் பார்த்தது

வந்த அதிகாரிகள் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்கள். இடி விழுந்து கெட்டிருக்கும் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நித்யா மேடம் தனியாக வந்தார். லேப்டாப்பைத் திறந்தார். அந்த வரியில் கண் நின்றது.

"அண்ணா, இது நீங்க சேர்த்ததா?"

"ஆமா மேடம்."

"அன்னைக்கு அவர் கிளம்பின பிறகு மேல மழை பெய்ஞ்சிருக்கு. கிண்ணம் ஏன் சொல்லல?"

"மூடியிருந்துது."

யார் மூடியது என்று அவர் கேட்கவில்லை. மழையையும் அந்தக் குறியையும் அழித்துவிட்டுப் பழையபடி ஏற்றினார். கதவைச் சாத்தினார். அறிக்கையில் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. அதன் பிறகு அவர் மலைக்கு வரவில்லை. போனும் இல்லை.

அலமேலு பஜ்ஜிக் கடையை எடுத்துவிட்டாள். அடக்கி வை என்று சொன்னது அவள்தான். அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை.

மேட்டில்

காரியம் முடிந்த மறு வாரம் மேட்டுக்கு ஏறினேன். அண்ணாமலையின் சம்சாரம் சின்னப்பொண்ணு வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே," என்றது. புடைப்பதை நிறுத்தவில்லை.

உட்கார்ந்தேன். அதுவாகவே பேசியது.

"எல்லாம் அந்த ஏனத்தாலதாண்ணே."

"எந்த ஏனம்?"

"வரப்புல நட்டீங்களே, அதான். வெறும் ஏனத்த வானத்தப் பாத்துத் தொறந்து வைக்க மாட்டோம் நாங்க. அது வாயத் தொறந்துக்கினு கேக்கும்ணே. வூட்டுல ஒரு ஆள வாங்காம மூடாது. நீங்க நட்டுட்டீங்க, கவுருமெண்ட் சாமான், புடுங்க முடியுமா? நானும் தெனம் ஒரு பிடி சாமையப் போட்டு எலைய மூடி வச்சேன். எண்ணகூட ஊத்துனேன். எவனோ ஒருத்தன் வந்து வந்து எடுத்துப் போட்டுட்டான். மூணு வாட்டி. அப்பவே அது பாத்துடுச்சி."



மேடம் எழுதிய இரண்டு நேர்கோடு நினைவுக்கு வந்தது. இலையை எடுத்தவன் கொன்றான் என்பது இந்தம்மா கணக்கு. எடுத்தவன் நான். இலையை எடுக்காமல் விட்டவன் கொன்றான் என்பது பெட்டியின் கணக்கு. விட்டவனும் நான். இரண்டில் ஒன்று உண்மையாக இருந்தால் போதும். இங்கே இரண்டுமே நான்தான்.

மூடியதால்தான் சைரன் கத்தவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தம்மா தன் கையை வெட்டிக்கொள்ளும். சொல்லவில்லை. இந்த நினைவுகளை எழுதுவதற்கு அது போய்ச் சேரும் வரைக்கும் காத்திருந்தேன். போன தையில் போய்ச் சேர்ந்தது.

அன்று சொன்னது இவ்வளவுதான்.

"எலைய எடுத்தவன் நான்தாம்மா."

முறம் நின்றது. சின்னப்பொண்ணு என்னைப் பார்த்தது. திட்டும் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றும் என்று நினைத்தேன். அது மறுபடி புடைத்தது.

சொல்ல வந்தது அதுவுமில்லை. இன்னொன்று இருந்தது. எழுந்து நின்றபடி சொன்னேன்.

"அன்னைக்கி எறங்கலாமான்னு கை தூக்குனாரு. நான்தான் வான்னு காட்டுனேன்."

"தெரியும்ணே."

"எப்டித் தெரியும்?"

"அவுரு பின்னாலயேதான வந்தேன். புளிய மரத்தாண்ட நின்னுக்கினு இருந்தேன்."

எதிர்க்கரையில் ஒரு புளிய மரம் உண்டு. அன்று அதன் பக்கம் நான் பார்த்ததாக நினைவில்லை.

சின்னப்பொண்ணு முறத்தைக் கீழே வைத்தது. உமியை ஊதிவிட்டுச் சொன்னது. குரலில் கோபமே இல்லை.

"நீங்க பொட்டியப் பாத்தீங்க. அவுரு உங்களப் பாத்தாரு. நான் அவுரப் பாத்துக்கினு நின்னேன். ஆத்த ஒருத்தரும் பாக்கலண்ணே."